அல்ட்ராமேன் தொடர் வரிசையின் தோற்றம்

அல்ட்ராமேன், ராட்சத விலங்குகளோடு மோதும் வேற்றுக்கோள் வீரன் ஒருவனை நாயகனாகக் கொண்ட ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர். இதன் முதல் பகுதி 1966 ஜூலை 17 அன்று டிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆனால் வரிசையின் தொடக்கம் இதுவன்று. ஆறு மாதம் முன்பே, அல்ட்ராமேன் என்ற பாத்திரமே இல்லாத 'அல்ட்ரா கியூ' என்ற கருப்பு வெள்ளைத் தொடர் வந்துவிட்டது.

இரண்டையும் உருவாக்கியவர் எய்ஜி சுபுராயா (1901-1970). ஒளிப்பதிவாளராகத் தொழிலுக்கு வந்தவர். 1933இல் வெளியான அமெரிக்கப் படம் 'கிங் காங்' அவரைத் தந்திரக் காட்சிகளின் பக்கம் திருப்பியது. போர்க்காலத்தில், 1942இல், பேர்ள் துறைமுகத் தாக்குதலைப் பொம்மைக் கப்பல்களை வைத்துத் திரையில் காட்டினார். அந்தப் பிரசாரப் படங்களே போர் முடிந்ததும் அவருக்கு வினையாயின. தோஹோ நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அங்கேயே திரும்பி, 1954இல் 'காட்சில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை எடுத்தார். ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர், அவர் காலடியில் நொறுங்கும் சிறு நகர மாதிரி: பின்வந்த தொடர்கள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

1963இல் சுபுராயா சொந்த நிறுவனம் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து ஆக்ஸ்பெரி என்ற விலையுயர்ந்த படச்சுருள் இணைப்புக் கருவியையும் வாங்க ஏற்பாடு செய்தார். ஃபுஜி தொலைக்காட்சிக்காகத் திட்டமிட்ட 'ஊ' என்ற தொடர் கைவிடப்பட்டதும், கருவிக்குப் பணம் கட்ட வழியில்லாமல் போயிற்று. அப்போது டிபிஎஸ் அந்தக் கருவியை வாங்கிக்கொண்டது. அவர் மகன் ஹாஜிமே அங்கே இயக்குநராக இருந்தார். ஒருவகையில், அந்தக் கருவிக்கு வேலை கொடுக்கவே இந்தத் தொடர் பிறந்தது எனலாம்.

முதலில் வைத்த பெயர் 'அன்பேலன்ஸ்'. இயற்கையின் சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதே கரு. டிபிஎஸ் ராட்சத விலங்குகளைக் கேட்டது. கதை அந்தப் பக்கம் சாய்ந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிப் பேசும்போது புழங்கிய 'அல்ட்ரா சி' என்ற சொல்லை ஒட்டி 'அல்ட்ரா கியூ' என்ற பெயர் வந்தது. 1966 ஜனவரி 2 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. முதல் பகுதியில் வரும் கோமெஸ், கொம்பும் செதிலும் ஒட்டிய பழைய காட்சில்லா உடைதான். சிக்கனத்தில் சுபுராயாவின் பட்டறை நம்மூர் நாடகக் குழுக்களுக்குச் சளைத்ததன்று. எடுத்த 28 பகுதிகளில் கடைசிப் பகுதி சிறுவர்களுக்குப் புரியாது என்று முதல் சுற்றில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப, ஜூலை 10 அன்று அல்ட்ராமேன் அறிமுக நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பினார்கள்.

அல்ட்ராமேனின் முதன்மைக் கதாசிரியர் டெட்சுவோ கிஞ்சோ, அன்று அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒகினாவாவைச் சேர்ந்தவர். சிறுவனாக ஒகினாவாப் போரைக் கண்டவர். உருவங்களை வரைந்த ஓவியர் டோரு நாரிட்டா, உண்மை விலங்கை அப்படியே பெரிதாக்கக் கூடாது, அருவருப்பூட்டும் சிதைந்த உடல்களை வரையக் கூடாது என்று தனக்கே விதி வைத்துக்கொண்டார். நெஞ்சில் மின்னும் எச்சரிக்கை விளக்கு அவர் வரைந்ததன்று, பிறர் சேர்த்தது. அதை அவர் கடைசிவரை விரும்பவில்லை. ஆனால் வீரனின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் குழந்தைகளுக்குப் புரியவைத்தது அந்த விளக்குதான்.

விலங்குகள் எல்லாம் வெறும் எதிரிகளும் அல்ல. 23ஆம் பகுதியில் வரும் ஜமீலா, தன் நாட்டாரால் வேற்றுக்கோளில் கைவிடப்பட்டு உருமாறிய விண்வெளி வீரன். அவன் சாகும் காட்சியில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை.

தொடர் மிகப் பிரபலமாக இருந்தபோதே 39 பகுதிகளுடன் 1967 ஏப்ரல் 9 அன்று முடிந்தது. தந்திரக் காட்சிகளை வாராவாரம் முடித்துத் தர முடியாததே காரணம். அந்தக் கடைசிப் பகுதியில் செட்டன் என்ற விலங்கிடம் அல்ட்ராமேன் தோற்றுப்போகிறான். அந்த அலையில் பிற நிறுவனங்களும் இறங்கின. 1980களில் தூர்தர்ஷனில் இந்தியச் சிறுவர்கள் பார்த்த 'ஜெயண்ட் ரோபோட்', தோயே நிறுவனம் 1967இல் எடுத்தது.

சுபுராயா 1970 ஜனவரி 25 அன்று காலமானார். அதற்கு முந்தைய ஆண்டே கிஞ்சோ நிறுவனத்தை விட்டு ஒகினாவா திரும்பியிருந்தார். பொறுப்பேற்ற ஹாஜிமே, 1971 ஏப்ரலில் அடுத்த தொடரைத் தொடங்கினார். அதன் பெயர் 'திரும்பி வந்த அல்ட்ராமேன்'.