காவிரிப்படுகையில் முதுநிலைக் கணினிக் கல்வி: நிறுவனம், பருவம், மொழி

ஆய்வுச்சுருக்கம்
தஞ்சாவூரை நடுவாகக் கொண்ட காவிரிப்படுகை நெல்லுக்கும் கோயிலுக்கும் இசைக்கும் பெயர் பெற்றது. கடந்த நாற்பதாண்டுகளில் அது கணினி அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளை உருவாக்கும் நிலமாகவும் மாறியுள்ளது. இம்மாற்றத்திற்கு வழிவகுத்த நிறுவனங்களின் வரலாற்றையும், வேளாண் பருவம், பயிற்றுமொழி ஆகிய இரண்டும் முதுநிலைக் கல்வியை எவ்வாறு பாதித்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரிப்படுகை, முதுநிலைக் கணினிக் கல்வி, எம்.சி.ஏ., குறுவை, சம்பா, பயிற்றுமொழி, கலைச்சொல்.

முன்னுரை
கணினிக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1620, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் அமைந்த ஐ.பி.எம். 370 எனப் பொறிகளின் வரிசையே அவ்வரலாற்றின் முதுகெலும்பாக அமைகிறது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களிலிருந்து இத்துறைக்கு வந்த மாணவர்களின் வரலாறு அவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. அதனை அறியக் கல்லூரி, கட்டணம், பாடமொழி ஆகியவற்றை நோக்க வேண்டியுள்ளது.

நிறுவனப் பின்புலம்
படுகையின் உயர்கல்விக்குத் தொன்மையான மையம் கும்பகோணம். 1854இல் பள்ளியாகத் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி, பின்னர் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ எனப் பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் கல்லூரிகள் நகர எல்லையைக் கடந்தன. பூண்டியில் 1956இல் எழுந்த அ. வீரையா வாண்டையார் நினைவு ஸ்ரீ புஷ்பம் கல்லூரி, சிற்றூர் ஒன்றில் அமைந்த உயர்கல்விக்குச் சிறந்த சான்றாகும்.

கணினிக் கல்விக்கு அடித்தளமிட்டது 1980களின் பத்தாண்டு ஆகும். 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் நிறுவப்பட்டது. 1982இல் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வகுக்கும் இடம் அருகில் வந்தது. 1984இல் திருமலைசமுத்திரத்தில் தொடங்கப்பட்ட சண்முகா பொறியியல் கல்லூரி, 2001இல் சாஸ்த்ரா என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1988இல் வல்லத்தில் பெண்களுக்கெனவே பெரியார் மணியம்மை தொழில்நுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. படுகையின் மேற்கு வாயிலில் 1964 முதல் இயங்கிவந்த மண்டலப் பொறியியல் கல்லூரி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. 2009இல் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் அமைந்தது. கல்லூரிக்கு நேரில் செல்ல இயலாதோருக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் நடத்திய தொலைநிலைக் கல்வி மற்றொரு வழியாயிற்று.

பட்டங்களும் அவற்றின் வாயில்களும்
முதுநிலைக் கணினிக் கல்வி மூன்று வாயில்களைக் கொண்டது. எம்.எஸ்ஸி. ஈராண்டுப் படிப்பு, இளநிலையில் கணினி அறிவியலோ அதனோடு தொடர்புடைய பாடமோ பயின்றோருக்கு உரியது. எம்.இ., எம்.டெக். ஆகியவை பொறியியல் பட்டதாரிகளுக்கு உரியவை. எம்.சி.ஏ. இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் பயின்ற பிற துறைப் பட்டதாரிகளையும் அது ஏற்றது. பொறியியல் படிப்பில் சேர இயலாமல் அருகிலுள்ள கலை அறிவியல் கல்லூரியில் பயின்ற மாணவருக்குத் தொழிற்கல்வியின் கதவு இரண்டாம் முறையாகத் திறந்தது எம்.சி.ஏ. வழியாகவே ஆகும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’ நுழைவுத்தேர்வும் அதன்வழி நிகழும் கலந்தாய்வும் இச்சேர்க்கையை மாநில அளவில் ஒழுங்குபடுத்தின.

எம்.சி.ஏ. நெடுங்காலம் மூன்றாண்டுப் படிப்பாக இருந்தது. 2020–21 கல்வியாண்டு முதல் ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. இம்மாற்றம் நாடு முழுமைக்கும் பொதுவானது. எனினும் வேளாண் குடும்பங்களில் ஓராண்டுக் குறைவு என்பது ஒரு சம்பா வருவாயைக் கல்விக்குச் செலவிடாமல் மீட்பதற்கு ஒப்பாகும். ஆனால் பிற துறைகளிலிருந்து வருவோர் அடிப்படைகளைக் கற்பதற்கிருந்த கால இடைவெளியும் அதனோடு சுருங்கியது. அக்கதவு யாருக்காகத் திறந்திருந்ததோ, அவர்களே இச்சுருக்கத்தின் சுமையையும் ஏற்க நேர்ந்தது.

நீர்ப்பருவமும் கல்விப்பருவமும்
1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பாசனத்திற்காகத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. கல்வியாண்டு தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆகும். குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலி எனப் பணம் தேவைப்படும் அதே வாரங்களில் சேர்க்கைக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் செலுத்த வேண்டியுள்ளது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் முடிகிறது; அவ்வருவாய் நவம்பர்ப் பருவத்தேர்வுக்கு முன் கைக்கு வரும். சம்பா வருவாயோ பொங்கலை ஒட்டியே வரும். ஆகவே, கல்வியாண்டின் முதற்பருவத்தைக் கடனின்றிக் கடப்பது குறுவையைப் பொறுத்ததாகிறது.

2012 முதல் 2019 வரையிலான எட்டாண்டுகளில் ஒருமுறையேனும் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு 177.25 டி.எம்.சி. நீரை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னை மீண்டும் காய்ப்புக்கு வரப் பல்லாண்டுகள் ஆகும். முதுநிலைப் படிப்போ ஈராண்டில் முடிந்துவிடும். இழந்த தோப்பின் வருவாய் மீளும்வரை படிப்பு காத்திருக்க இயலாது. இப்பகுதி மாணவரின் இடைநிற்றலைத் தேர்ச்சிப் பட்டியலை மட்டும் கொண்டு விளக்குவது ஏன் போதாது என்பதை இது உணர்த்தும்.

பயிற்றுமொழிச் சிக்கல்
தமிழக மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியலைத் தமிழ்வழியில் பயில இயலும். மாறி, செயற்கூறு, அணி, மரபுரிமம், பல்லுருவாக்கம் போன்ற கலைச்சொற்கள் பாடநூல் வழியாக மாணவரிடம் வழக்கிலுள்ளன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான புதிய மேல்நிலைப் பாடநூல்கள் சி++, பைத்தான் மொழிகளைத் தமிழிலேயே விளக்கின. கல்லூரியிலோ இப்பாடம் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடைபெறுகிறது. 2010இல் பொறியியற் கல்வியில் தமிழ்வழி தொடங்கப்பட்டபோதும் கட்டடவியலும் இயந்திரவியலுமே முதலில் இடம்பெற்றன. எனவே மாணவர் தமிழில் பெற்ற கருத்துகளுக்குப் புதிய சொற்களைத் தேட வேண்டியுள்ளது. கருத்தை அறிந்திருந்தும் விடையை எழுத இயலாமை இங்குத் தோன்றுகிறது.

இந்நிலை படுகைக்குப் புதிதன்று. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேர்ச்சி பெறாமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமை அதற்குக் காரணம்; பாடநூல் மொழி மாற்றத்தால் இடர்ப்படும் இன்றைய மாணவரின் நிலை அதனோடு முற்றும் ஒத்ததன்று. ஆயினும் துறையறிவை அளக்கும் கருவியாக மொழித்தேர்ச்சி அமையும்போது நேரும் இழப்பை அந்நிகழ்வு நினைவூட்டுகிறது.

இச்சிக்கலுக்கான மருந்தின் ஒரு பகுதி படுகையிலேயே உள்ளது. கலைக்களஞ்சியப் பணியாலும் கலைச்சொல்லாக்கத்தாலும் அறியப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும், ஓலைச்சுவடிகளைக் காத்துவரும் சரசுவதி மகால் நூலகமும் தஞ்சாவூரிலேயே அமைந்துள்ளன. சுவடி எழுத்துகளைக் கணினி அறிதல், கல்வெட்டுத் தரவுத்தளம் அமைத்தல், தமிழ்ச் சொற்பகுப்பு முதலியன முதுநிலை ஆய்வேட்டுக்கு முழுத் தகுதியுடைய சிக்கல்கள். இவற்றில் ஈடுபடும் மாணவருக்குத் தாய்மொழியறிவு தடையாக இராமல் முதலீடாக அமையும்.

முடிவுரை
1. காவிரிப்படுகையின் முதுநிலைக் கணினிக் கல்வி, 1981–1988 காலத்தில் உருவான பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் அடித்தளமாகக் கொண்டது.
2. எம்.சி.ஏ. பட்டம் கலை அறிவியல் பட்டதாரிகளுக்கு இரண்டாம் வாய்ப்பாக அமைந்தது. அதன் காலக் குறைப்பு செலவைக் குறைத்ததோடு ஆயத்தக் காலத்தையும் குறைத்தது.
3. கட்டணக் காலமும் நடவுக் காலமும் ஒன்றுவதால் நீர்வரத்து கல்வித் தொடர்ச்சியைப் பாதிக்கிறது. முதற்பருவக் கட்டணத்தைச் சம்பா அறுவடைக்குப் பின் செலுத்தும் வாய்ப்பை வழங்குவது கல்லூரிகளின் கைக்கெட்டிய தீர்வாகும்.
4. பள்ளியில் பயின்ற தமிழ்க் கலைச்சொற்களை ஆங்கிலச் சொற்களோடு இணைத்துக் காட்டும் இணைப்புப் பாடம் முதுநிலையின் முதற்பருவத்திற்கு இன்றியமையாதது.

பட்டம் பெற்றோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்வதைத் தடுப்பது கல்வி நிறுவனங்களின் பணியன்று. பெயரும் முன் அவர்கள் கற்றது தம் மண்ணின் சுவடிக்கும் மொழிக்கும் சிறிதேனும் பயன்பட வழி செய்வதே அவற்றின் பணியாகும்.