மனிதன் என்றால் யார்? - ஓட்டெடுப்பு வரைக்கும் போன அஞ்சாம் கிளாஸ் பாடம்

அஞ்சாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்துக்காக ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது என்றால் நம்புவீர்களா? நடந்திருக்கிறது மக்களே. 1975 ஏப்ரலில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில். பாடத்தின் பெயர் 'மேன்: எ கோர்ஸ் ஆஃப் ஸ்டடி'. சுருக்கமாக மேக்கோஸ். (ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே, அது இல்லீங்க. பொட்டி தட்டுறவன் எழுதுறான்னு உடனே அங்க போயிடாதீங்க :-))

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பியது. 'நம்ம பசங்க படிப்புல பின்தங்கிட்டாங்க'ன்னு அமெரிக்காவில் ஒரே அலறல். பள்ளிக்கூட அறிவியல், கணக்குப் பாடங்களைத் திருத்தி எழுத அரசுப் பணம் தண்ணியாகப் பாய்ந்தது. கொடுத்தது தேசிய அறிவியல் அறக்கட்டளை. 1959-இல் உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களுமாக சுமார் 35 பேர் கூடி, பாடத்திட்டம் எப்படி இருக்கணும்னு பேசினார்கள். தலைமை தாங்கியவர் ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் ஜெரோம் ப்ரூனர். அந்தப் பேச்சிலிருந்து 1960-இல் 'தி ப்ராசஸ் ஆஃப் எஜுகேஷன்' என்ற சின்னப் புத்தகம் எழுதினார். குழந்தைக்குப் புரியாது என்று எந்தப் பாடத்தையும் தள்ளி வைக்க வேண்டாம், வயதுக்கேற்ற வடிவத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை என்பது அவர் கட்சி.

இயற்பியலுக்கு ஆச்சு, கணக்குக்கு ஆச்சு. சமூக அறிவியலுக்கு?

அங்கே அப்போது ஆரம்பப் பள்ளி சமூக அறிவியல் எப்படி இருந்தது தெரியுமா? முதல் வகுப்பில் குடும்பம், அப்புறம் தெரு, அப்புறம் ஊர், மாநிலம், நாடு என்று வட்டம் பெரிசாகிக்கொண்டே போகும். தபால்காரர் கடிதம் தருவார், தீயணைப்பு வீரர் நெருப்பை அணைப்பார், நல்ல குடிமகன் குப்பையைத் தொட்டியில் போடுவான். நாமளும் கிட்டத்தட்ட இதைத்தானே படிச்சோம்? எங்க ஸ்கூல்ல குடிமையியல் புத்தகத்தோட கடைசியில ஒட்டிக்கிட்டு இருக்கும். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி கடமைகளை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுவோம். கேள்வியே கேட்காத பிள்ளைதான் நல்ல குடிமகன்!

ப்ரூனர் குழு இதைத் தலைகீழாகத் திருப்பியது. மனிதனிடம் அப்படி என்ன மனிதத்தன்மை இருக்கிறது? அது எப்படி வந்தது? அதை இன்னும் எப்படி வளர்ப்பது? இந்த மூணு கேள்விதான் ஒரு வருஷப் பாடமும். படிக்கப் போவது பத்து வயசுப் பிள்ளைகள். பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது. சின்னச் சின்னக் கையேடுகள், 16 எம்.எம். படங்கள், வரைபடங்கள், வேட்டையாடும் விளையாட்டுகள். பயிற்சி எடுத்த ஆசிரியர்தான் நடத்த வேண்டும். அவரும் விடை சொல்லக் கூடாது, கூடவே தேட வேண்டும்.

முதல் பாடம் சால்மன் மீன். முட்டையிட்டதும் தாய் தகப்பன் செத்துப் போய்விடும். குஞ்சுக்குச் சொல்லித்தர ஆளே இல்லை. ஆனாலும் பிழைக்கிறது. அடுத்தது கடற்பறவை. அதற்கு அப்பா அம்மா உண்டு, இரை ஊட்டி வளர்க்கிறார்கள். அதற்கடுத்தது பபூன் குரங்கு. அதற்குக் கூட்டமே உண்டு, கூட்டத்தில் பெரியவன் சின்னவன் உண்டு. இப்படிப் படிப்படியா ஏறி வந்து, வருஷத்தின் இரண்டாம் பாதியில் மனிதர்கள். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் வாழும் நெட்சிலிக் மக்கள். அப்போது எஸ்கிமோ என்றார்கள், இப்போது இனுயிட் என்கிறோம்.

அவர்களைப் படமெடுத்தவர் ஆசென் பாலிக்சி என்ற மானிடவியலாளர். 1963 முதல் 1965 வரை பெல்லி பே என்ற இடத்தில் எடுத்தார். துப்பாக்கி வருவதற்கு முந்தைய வாழ்க்கையை அந்த மக்களே நடித்துக் காட்டினார்கள். பனிவீடு கட்டுவது, சீல் மூச்சுவிட வரும் பனி ஓட்டைக்குப் பக்கத்தில் அது வரும்வரை மணிக்கணக்கில் அசையாமல் காத்து நிற்பது எல்லாம் இருக்கிறது. பின்னணிக் குரல் கிடையாது, மொழிபெயர்ப்பும் கிடையாது. பிள்ளைகள் பார்த்துப் பார்த்து அவர்களாகவே புரிந்துகொள்ள வேண்டும். நம்ம செய்திப்பட 'கம்பீரக் குரல்' எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது :-)

சிக்கல் ஆரம்பித்தது கையேடுகளில். நெட்சிலிக் மக்களோடு 1923-இல் தங்கிப் பதிவு செய்த ராஸ்முஸ்ஸனின் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டவை பல. குடும்பம் இடம் பெயரும்போது ஈடுகொடுத்து நடக்க முடியாத ஒரு பாட்டி பனியில் பின்தங்கிப் போகிற கதை ஒன்று. பஞ்ச காலத்தில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்தது பற்றியும் வருகிறது. 'இவர்கள் கொடுமைக்காரர்களா? உணவே இல்லாத இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? நம் ஊரில் வயசானவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?' இப்படி வகுப்பில் பேச வேண்டும் என்பது திட்டம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம தென் மாவட்டங்களின் தலைக்கூத்தல்தான் ஞாபகம் வந்தது. படுக்கையில் விழுந்த பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பி வைக்கிற வழக்கம். எங்கேயோ பனிப்பிரதேசத்தில் இல்லை, பஸ்ஸில் போய்ச் சேர்கிற தூரத்தில். 'பெரியோரை மதிக்க வேண்டும்' என்று எத்தனையோ தடவை பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே இது ஏன் நடக்கிறது என்ற கேள்வி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை.

சரி, கதைக்கு வருவோம். பெரிய பதிப்பகங்கள் இதைத் தொடப் பயந்தன. ஒரு வழியாக 1970-இல் வாஷிங்டனின் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்டது. உருவாக்க ஆன செலவு சுமார் 48 லட்சம் டாலர், அத்தனையும் அரசுப் பணம். சில வருஷங்களில் 47 மாநிலங்களில் சுமார் 1,700 பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே 1970-இல் ஃப்ளோரிடாவின் லேக் சிட்டியில் முதல் குண்டு வெடித்தது. அந்த ஊர்ப் போதகர் ஒருவர், தன் மகள் படிக்கும் பாடத்தைப் பார்த்து அதிர்ந்து, உள்ளூர் வானொலியில் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார். மனிதனைக் குரங்கோடு வரிசையில் நிறுத்துகிறார்கள், எந்த ஒழுக்கமும் அந்தந்த ஊரைப் பொறுத்தது என்று சொல்லித்தருகிறார்கள் என்பது அவர் வாதம். அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் பற்றிக்கொண்டது. கடைசியில் அரிசோனாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் கான்லன் இதைப் பிரதிநிதிகள் சபைக்கே கொண்டுபோனார். இனிமேல் அறக்கட்டளை உருவாக்கும் பாடத்தைப் பள்ளிகளில் பரப்ப வேண்டுமென்றால் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்.

1975 ஏப்ரல் 9. திருத்தம் தோற்றது. எத்தனைக்கு எத்தனை தெரியுமா? 215-க்கு 196. இருபதே ஓட்டு வித்தியாசம் கூட இல்லை! அதே நாளில், அறக்கட்டளை கொடுக்கும் ஒவ்வொரு நிதியுதவியையும் நாடாளுமன்றம் தடுக்கலாம் என்ற இன்னும் கடுமையான திருத்தம் 212-க்கு 199 என்று ஜெயித்தே விட்டது. பிற்பாடுதான் அதைக் கழற்றி விட்டார்கள். ஆனால் ஓட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே ஆட்டம் முடிந்திருந்தது. மார்ச் மாதமே அறக்கட்டளை மேக்கோஸுக்கான அடுத்த வருஷப் பணத்தை நிறுத்தியிருந்தது. அதற்கப்புறம் பாடம் மெல்ல மெல்லக் காணாமல் போனது. கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1978-இல் மாநில அமைச்சரவையே தடை போட்டது.

'பழமைவாதிகள் ஒரு நல்ல பாடத்தைக் கொன்னுட்டாங்க'ன்னு இதை முடிச்சுட்டுப் போயிடலாம். பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது அரைக் கதையாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பாடத்திட்டம் கிடையாது. பள்ளியில் என்ன நடத்துவது என்பதில் உள்ளூர்ப் பள்ளிக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. அப்படி இருக்க, கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து பேராசிரியர்கள் எழுதிய பாடத்தை மத்திய அரசுப் பணத்தில் ஏன் பரப்ப வேண்டும் என்று கான்லன் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டவர்கள், பெற்றோரிடம் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. நம்ம பாஷையில சொன்னா, யூசர் யாருன்னே கேக்காம ரிக்வயர்மென்ட் எழுதி, நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டாங்க. வெடிக்காம என்ன செய்யும்? பத்து வயசுக் குழந்தையால் யோசிக்க முடியும் என்று நம்பியவர்கள், அதன் அப்பா அம்மாவாலும் முடியும் என்று நம்பியிருக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 1960-களின் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் சில ஊர்களில் போலீஸ் காவலோடு பள்ளிக்குப் போன காலம். மனிதத்தன்மையை எப்படி வளர்ப்பது என்று கேட்ட பாடம், அதற்கு விடை தேட ஆர்க்டிக் வரை போனது. பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை. ப்ரூனரே 1971-இல், இனிப் பாடங்களின் கட்டமைப்பைக் குறைத்துக்கொண்டு, கண் முன்னால் இருக்கும் சமூகப் பிரச்சினைகளைக் கையில் எடுப்பேன் என்ற தொனியில் எழுதினார். பெரிய மனுசன்! அவர் 2016-இல் தன் 100-வது வயதில் காலமானார்.

அந்தப் படங்கள் மட்டும் தப்பித்தன. பெல்லி பே இப்போது குகாருக் என்று சொந்தப் பெயரோடு இருக்கிறது. 2004-இல் கனடாவின் சார்லஸ் லெயர்ட், 'த்ரூ தீஸ் ஐஸ்' என்ற ஆவணப்படத்தில் இந்த மொத்தச் சண்டையையும் பதிவு செய்திருக்கிறார். படம் பிடிக்கப்பட்ட அந்தச் சமூகத்து மக்களும் அதில் பேசுகிறார்கள். கிடைத்தால் பாருங்கள்.

ஒரு ஏழாம் வாய்ப்பாடு தப்பாக இருந்தால் யாரும் நாடாளுமன்றம் போக மாட்டார்கள். சமூக அறிவியலுக்குத்தான் போவார்கள். ஏனென்றால் அந்த ஒரு வகுப்பில்தான் பிள்ளை வீட்டுக்கு வந்து, 'நம்ம ஏன்பா இப்படி இருக்கோம்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு வகுப்பில் இடம் இல்லையென்றால், கடமைகளை எத்தனை தடவை எழுத வைத்தும் குடிமகன் வர மாட்டான், நல்ல கையெழுத்துதான் வரும். அந்தக் கேள்வி வரும்போது வீட்டில் யாரும் தயாராக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு மேக்கோஸ் சாட்சி.

உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள். அந்தப் பாட்டி கதை உங்கள் பத்து வயசுப் பிள்ளையின் புத்தகத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் நடத்த விடுவீர்களா, பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதனால தைரியமா 'விடுவேன்'னு சொல்லிக்கிறேன் :-)