72 வயதில் ஒரு ஊசி

போன மாசம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தைக்காகக் காத்திருக்காங்க. "எப்பப் பாத்தாலும் ஒரே அசதியா இருக்குடா மச்சி. ஜிம்ல ஒருத்தர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கச் சொல்றார். ஆம்பளை ஹார்மோன்தானே, குழந்தைக்கும் நல்லதாம்" என்றான். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் அந்தக் கடைசி வரி உறுத்திக்கிட்டே இருந்தது. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவன் 1889-இல் போய் நின்னேன்.

அந்த வருஷம் ஜூன் 1, பாரீஸ். உயிரியல் கழகத்தின் கூட்டம். பிரௌன்-செகார்ட் எழுந்து பேசுகிறார். வயசு 72. லேசுப்பட்ட ஆள் இல்லை. தண்டுவடத்தில் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டால் வரும் பாதிப்புக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளை நசுக்கி, தண்ணீர் கலந்து வடிகட்டி, தனக்குத் தானே ஊசி போட்டுக்கிட்டதாச் சொன்னார். மாடிப்படியில் கிட்டத்தட்ட ஓடியே ஏற முடியுது, மணிக்கணக்கா லேபில் நிற்க முடியுது, சிறுநீர்கூட முன்னைவிடத் தூரமாப் போய் விழுது என்றார். (இதையெல்லாம் அளந்து வேற பார்த்திருக்கார் மனுஷன்!) பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க இந்தச் சாறு வியாபாரமாச்சு. நம்மூர் சிட்டுக்குருவி லேகியத்துக்கு வெள்ளைக்கார அண்ணன்னு வெச்சுக்கங்களேன்.

2002-இல் ஆஸ்திரேலியாவில் சிலர் அவரோட செய்முறையை அப்படியே திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. அந்தச் சாற்றில் இருந்த டெஸ்டோஸ்டிரோன், உடம்பில் எதையும் மாத்தப் போதாத அளவுக்குக் கொஞ்சம். விரை இந்த ஹார்மோனைச் சேமிச்சு வைக்கறதில்லை, தயாரிச்சதும் ரத்தத்துக்கு அனுப்பிடும். அது தண்ணீரில் சரியாக் கரையறதும் இல்லை. ஆக, கிழவரை மாடிப்படி ஏற வெச்சது நம்பிக்கைதான். இவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கே இதுன்னா, "ஊசி போட்டேன், சும்மா ஜிவ்வுனு இருக்கு" என்று ஜிம்மில் சொல்றவர் சாட்சி எந்த மூலைக்கு?

நிஜ ஹார்மோன் கிடைக்க இன்னும் 46 வருஷம் ஆச்சு. 1927-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் காக்கும் அவர் மாணவர் மெக்கீயும் 40 பவுண்டு காளை விரைகளிலிருந்து 20 மில்லிகிராம் எடுத்தாங்க. (சிகாகோவில் கசாப்புக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை.) 1931-இல் ஜெர்மனியின் பூட்டெனான்ட் இன்னொரு வழியில் போனார்: போலீஸ்காரர்களின் சிறுநீர், சுமார் 15,000 லிட்டர். கிடைச்சது ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற உறவுக்காரப் பொருள், 15 மில்லிகிராம். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கெரின் குழு அசல் சரக்கைப் பிரிச்செடுத்து டெஸ்டோஸ்டிரோன்னு பேர் வெச்சது. அதே வருஷம் பூட்டெனான்டும், ஸ்விட்சர்லாந்தில் ருஜிச்காவும் தனித்தனியா கொலஸ்ட்ராலிலிருந்தே அதைச் செயற்கையாத் தயாரிச்சுட்டாங்க. இருவருக்கும் 1939-இல் நோபல். நாஜி அரசு பூட்டெனான்டை வாங்க விடலை.

சரி, மாத்திரை இருக்க ஊசி எதுக்கு? முழுங்கினா கல்லீரல் வழியிலேயே மடக்கி அழிச்சிடும். அதனால் வேதியியல் வால் ஒண்ணை ஒட்டி, எண்ணெயில் கரைச்சு, தசையில் போட்டாங்க. எண்ணெயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். 1930களில் வந்த ப்ரோப்பியனேட் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். 1950களில் வந்த எனான்தேட் ரெண்டு வாரம் ஓடும், ஆனா போட்ட சில நாளில் அளவு எகிறி, அடுத்த ஊசிக்கு முன்னால் தரைக்கு வந்துடும். மனநிலையும் கூடவே ஊஞ்சலாடும். 2004-இல் ஐரோப்பாவில் வந்த அண்டெகனோயேட் 10 முதல் 14 வாரம் வரை தாங்கும். ஆனா அந்த எண்ணெய் ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரலை அடைச்சா திடீர் இருமல், மூச்சுத்திணறல் வரும். அரிதானது, ஆனாலும் அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கொடுத்தப்போ, ஊசிக்கப்புறம் அரை மணி நேரம் ஆளைக் கிளினிக்கிலேயே உட்கார வெச்சுக் கவனிக்கணும்னு நிபந்தனை போட்டாங்க. வீட்டில் தானே குத்திக்கற சரக்கு இல்லை அது.

இப்ப நண்பன் மேட்டருக்கு வருவோம். எஞ்சினியரிங்கில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற ரெண்டு சிக்னல் அனுப்பி விரையை வேலை வாங்குது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதும்னு தெரிஞ்சா சிக்னலைக் குறைச்சிடும். வெளியிலிருந்து ஊசியில் கொட்டினா, பிட்யூட்டரிக்கு அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியாது. சிக்னல் நிக்கும், ஃபேக்டரி மூடும், விந்தணு உற்பத்தியும் சேர்ந்து படுத்துடும்.

இது வெறும் தியரி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் எனான்தேட் போட்டு 1990-இல் முடிவை வெளியிட்டது. 157 பேருக்கு ஆறு மாசத்தில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். என்ன ஆராய்ச்சி தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடை! சிகிச்சையில் தர்றது இதில் பாதி அளவுதான், ஆனா அதுவும் விந்தணுவை அமுக்கும். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷமும் தாண்டும். இவன் குழந்தைக்காகக் கருத்தடை ஊசி போடக் கிளம்பியிருக்கான்.

அப்ப ஊசியே தப்பா? இல்லை. க்ளைன்ஃபெல்டர் குறைபாடு உள்ளவங்க, பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆனவங்க, விரையை இழந்தவங்க, இவங்களுக்கெல்லாம் எலும்பும் தசையும் வாழ்க்கையும் திரும்பக் கிடைக்கிறது இதனால்தான். ஆனா முதலில் அளக்கணும். காலையில், வெறும் வயித்தில், வேற வேற நாளில் ரெண்டு தடவை. சாயங்காலம் எடுத்தா நல்லா இருக்கறவனுக்கும் குறைச்சலாக் காட்டும். ரெண்டுமே குறைவா இருந்து, தொந்தரவும் இருந்தாத்தான் சிகிச்சைப் பேச்சு. குறைவுன்னா கூடவே எல்.ஹெச். பார்ப்பாங்க, கோளாறு விரையிலா பிட்யூட்டரியிலான்னு தெரியணுமே. குழந்தை வேணும்னா வழியே வேற. காரணம் பிட்யூட்டரியா இருந்தா, ஃபேக்டரியைத் தட்டி எழுப்பற ஹெச்.சி.ஜி. மாதிரி மருந்துகள் இருக்கு.

ஊசி ஆரம்பிச்சப்புறமும் ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். முக்கியமா ஹீமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களோட பங்கு. அது 54 சதவீதத்தைத் தாண்டினா ரத்தம் கெட்டியாகுதுன்னு அர்த்தம். ஊசியை நிறுத்தி, இறங்கினப்புறம் குறைஞ்ச அளவில்தான் திரும்பத் தருவாங்க. ஜிம் ஊசியில் இதை யார் பார்க்கறாங்க?

ப்ராஸ்டேட் புற்றுநோய் பயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1941-இல் ஹக்கின்ஸ், டெஸ்டோஸ்டிரோன் அந்தப் புற்றைத் தூண்டுதுன்னு எழுதினார். அவருக்கு 1966-இல் நோபலும் கிடைச்சது. 2006-இல் மார்கென்டாலர் பழைய பேப்பரைத் தோண்டிப் பார்த்தா, ஊசி தூண்டுதுங்கற பகுதி நின்னது ஒரே ஒரு நோயாளி மேல! புற்று இருக்கறவங்களுக்கு இன்னிக்கும் பொதுவா தர்றதில்லை, அதனால் பி.எஸ்.ஏ. டெஸ்ட் உண்டு. இதயம் பத்தின பயத்துக்கு 2023-இல் 5,200 பேரை வெச்சுச் செஞ்ச ட்ராவர்ஸ் ஆய்வு ஓரளவு பதில் சொல்லிச்சு: மாரடைப்பு, பக்கவாதம் கூடலை, ஆனா இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் அதிகம். ஒண்ணைக் கவனிங்க, அதில் தந்தது தோலில் தடவற ஜெல், ஊசி இல்லை.

நண்பன்கிட்ட கருத்தடை விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு என்டோகிரைனாலஜிஸ்டைப் பார்த்துட்டு வந்தான். முதல் டெஸ்ட் நார்மலில் கீழ்க்கோட்டை ஒட்டி வந்திருக்கு. ராத்திரி குறட்டை விடுவானான்னு அவன் மனைவிகிட்ட டாக்டர் கேட்டாராம். தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் இந்த அசதி வருமாம். வீடே அதிருமே என்றிருக்காங்க. ரெண்டாவது டெஸ்ட் வர்ற செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு.