இடது காதின் அளவு

என்னுடைய இடது காதின் துளை வலது காதின் துளையைவிட ஒடுக்கமானது. இது எனக்குத் தெரியவந்தபோது வயது 58. ஸ்காபரோவில் அம்மாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பரிசோதகர் அம்மாவை முடித்துவிட்டு, பக்கத்தில் சும்மா இருந்த என் காதுகளுக்குள்ளும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்கு இயர்போன் இடது பக்கம் கழன்று கழன்று விழுமே?" என்றார். முப்பத்தைந்து வருடமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. பிழை இயர்போனில் என்று நினைத்து எத்தனையோ வாங்கி மாற்றியிருக்கிறேன்.

காதுக்குள் செருகும் இந்தக் கருவியை முதலில் செய்தவர் யார், அவர் காதைப் பற்றி என்ன நினைத்தார் என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். வோக்மன் காலத்தில் ஏதாவது அகப்படும் என்று எண்ணியிருந்தேன். தேடல் என்னை 1891க்குக் கொண்டுபோய் விட்டது.

அந்த வருடம் ஏர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சு பொறியியலாளர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அதற்குப் பத்து வருடம் முந்தி, 1881இல், பரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமோன் ஆடே ஒப்பரா மேடையின் பாட்டை ரெலிபோன் கம்பி வழியாகக் கொண்டுவந்திருந்தார். சனம் காதுக்கு ஒன்றாக இரண்டு கருவிகளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டது. கையால் பிடிக்காமல் காதிலேயே நிற்கக்கூடிய ஒன்றை மெர்காடியே செய்தார். இரண்டு சின்னக் கருவிகள், அவற்றை இணைக்க வில்போல வளைந்த ஒரு கம்பி. முழு எடை 1¾ அவுன்சுக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 50 கிராம். காதுக்குள் போகும் நுனிக்கு றப்பர் உறை போட்டார். அந்த உறைக்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: காதின் வாயில் உராய்வு குறையவேண்டும், வெளிச்சத்தம் உள்ளே வராமல் காது அடைபடவேண்டும்.

இந்த இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். நோகாமல் இருப்பது ஒரு பிரச்சினை, நல்லாய்க் கேட்பது வேறு பிரச்சினை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடைப் பெட்டிகளிலும் அப்படித்தான் பிரித்து எழுதியிருக்கிறார்கள். மெர்காடியேக்கு இரண்டும் ஒரே றப்பர்.

அவர் சரி. சைக்கிள் பம்பின் வாஷர் தேய்ந்துபோனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு இடித்தாலும் காற்று ஏறாது. காதுக்குள் செருகிய கருவியின் சின்னத் தகடு அடைபட்ட கொஞ்சக் காற்றைத்தான் தள்ளி இழுக்கிறது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ்ச்சுருதி அதனூடாகக் கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய் வலந்தலை மட்டும் மிஞ்சும். ஆகவே இறுக்கி அடைக்கவேண்டும். ஆனால் காது அடைத்து வைப்பதற்கென்று உண்டான இடம் அல்ல. துளையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு, நேராகவும் போகாது. வெளிப்பக்கத்து மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பு. மிச்சம் எலும்பு, அதன்மேல் கடதாசிபோல மெல்லிய தோல். அங்கே தொட்டால் உயிர் போகும். சிலருக்கு இருமல் வரும், ஏனென்றால் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகும் நரம்பின் கிளை ஒன்று காதையும் எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு, தாடை அசையும்போது துளையின் வடிவமும் மாறும். வெற்றிலை போடுகிற ஒருவர் நிம்மதியாக இயர்போனில் பாட்டுக் கேட்க முடியாது.

மெர்காடியேக்குப் பிறகு தொண்ணூறு வருடம் பெரும்பாலும் காதுக்கு வெளியேதான் கழிந்தது. தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன்கள் வந்தன. காதுக்குள் எஞ்சியது செவிடருக்கான கருவியும், சட்டைப்பை றேடியோவின் ஒற்றைக் குமிழும். என் அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. கந்தோர் மேசையில் கையை முட்டுக்கொடுத்து, உள்ளங்கையால் குமிழை மறைத்து, கிரிக்கெட் வர்ணனை கேட்பார். அது இரண்டு வருடத்தில் செத்துப்போனது. நான் போட்டு உடைத்ததாக அடி வாங்கினேன். அந்தக் காலத்துக் குமிழ்கள் சிலவற்றுக்குள் ரோஷெல் உப்பு என்ற பளிங்கு இருந்தது, ஈரமும் வெக்கையும் அதற்கு ஆகாது என்று இப்போதுதான் படித்தேன். அப்பாவின் குமிழுக்குள் இருந்ததும் அதுதானா என்று நிரூபிக்க வழியில்லை. அடியைத் திருப்பிக் கொடுக்கவும் ஆளில்லை.

சோனி 1979இல் வோக்மனையும், 1982இல் காதின் கிண்ணத்தில் தொங்கும் சின்னக் குமிழையும் கொண்டுவந்தது. குமிழ் துளையை அடைப்பதில்லை. ஆகவே வலியும் குறைவு, கீழ்ச்சுருதியும் குறைவு, வெளிச்சத்தம் தாராளம். 1988இல் ரொறன்ரோ வந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரில் தபால் ஒழுங்காக இல்லை. வருகிற ஆட்களிடம் அம்மா கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவார். கோப்பை கழுவும் வேலை முடிந்து சுரங்க ரயிலில் திரும்பும்போது அதைக் கேட்பேன். ரயில் இரையும், சத்தத்தைக் கூட்டுவேன், இடது குமிழ் விழும், எடுத்து வைத்து இன்னும் கூட்டுவேன். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணிநேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் ஐந்தே மணிநேரம். அந்தக் கணக்கு அன்று தெரிந்திருந்தாலும் நான் குறைத்திருப்பேனோ தெரியாது. இப்போது இரவில் என் காதுக்குள் ஒரு சில்வண்டு இருக்கிறது.

அதே காலத்தில் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஒருவர் எதிர்த்திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். மீட் கில்லியன் செவிடருக்கான கருவிகளின் உறுப்புகளைச் செய்யும் நோல்ஸ் கம்பனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். 1983இல் எட்டிமோட்டிக் ரிசேர்ச் என்ற சொந்தக் கம்பனி தொடங்கினார். காதுக்கு உண்மையானது என்பது பெயரின் பொருள். அவர் கண்ட சிக்கல் இது. திறந்திருக்கும் காதுத்துளை ஒரு குழல். 2700 ஹேர்ட்ஸ் அளவில் அது தானாகவே ஒலியைப் பத்து டெசிபலுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கிறது. பிறந்த நாள் முதல் நாம் உலகத்தை அந்த ஏற்றத்துடன்தான் கேட்டிருக்கிறோம். அதன் வாயில் எதையாவது செருகினால் புல்லாங்குழலின் வாயைப் பொத்தினமாதிரி அந்த ஏற்றம் போய்விடும். ஆகவே அளவுகோலில் மிகச் சரியாக இருக்கும் கருவி காதில் மந்தமாகக் கேட்கும். காதிடமிருந்து பறித்ததைக் கருவி திருப்பிக் கொடுக்கவேண்டும். அதைக் கணக்கிட்டு, காதுக்கருவியின் பலன்ஸ்ட் ஆர்மேச்சர் என்ற உறுப்பை வைத்து, மூன்றடுக்கு றப்பருடன் அவர் வெளியிட்ட ஈஆர்-4 வந்தது 1991இல். மெர்காடியேயின் காப்புரிமைக்குச் சரியாக நூறு வருடம். ஆழமாகச் செருகினால் அது 35 டெசிபலுக்கு மேல் வெளிச்சத்தத்தை அடைத்தது. ரயிலில் சத்தத்தைக் கூட்டவேண்டிய அவசியமே இல்லை. நான் ஒருமுறை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வயலினில் வில் திரும்பும் ஓசைகூடக் கேட்டது; இருபது நிமிடத்தில் கழற்றிவிட்டேன்.

1995இல் வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியியலாளர் ஜெரி ஹார்வி, அதன் டிரம் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இதே உறுப்புகளை அவருடைய காதின் அச்சிலேயே வார்த்த ஓட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் கம்பனி அப்படித் தொடங்கியதுதான். மேடைப் பாடகர்களின் காதில் இன்று தெரிவது அந்த வகை. அச்சு எடுக்கும்போது பல்லிடையே ஒரு கட்டையைக் கடிக்கச் சொல்வார்கள், பாடும் வாயின் காது அளவுக்காக.

நமக்கெல்லாம் அச்சு எடுக்க யார் இருக்கிறார்கள்? மூன்று அளவு சிலிக்கன் றப்பர் ஒரு சின்னப் பையில் வரும், பெரும்பாலானோர் அதைத் திறப்பதேயில்லை. அப்பிளின் ஏர்பொட்ஸ் 2016இல் வந்தபோது அதில் றப்பரே இல்லை. மூன்று வருடம் கழித்து றப்பரும், அழுத்தம் போகத் துவாரமும் வைத்த புரோ வந்தது. அதன் இரண்டாம் பதிப்பைக் காதுக்கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2024 செப்ரெம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. செவிடரிடமிருந்து கடன் வாங்கியவர்கள் திருப்பித் தந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோசம்.

அம்மாவுக்கு அது சரிவராது என்று பரிசோதகர் முழுக் கருவியே கொடுத்தார். முதலில் மூடிய றப்பர் போட்டார். அம்மா ஒரு வசனம் பேசிவிட்டு நிறுத்தினார். "என்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வாறமாதிரிக் கிடக்கு." எலும்பு வழியாகத் துளைக்குள் வரும் சொந்தக் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளே சுற்றுவதுதான் அது, 20 டெசிபல் வரை கூடலாம். பரிசோதகர் துளைபோட்ட றப்பரை மாற்றினார். கீழ்ச்சுருதி கொஞ்சம் போகும், குரல் சரியாகும் என்றார். எனக்கும் இடது பக்கத்துக்கு ஆகச் சின்ன றப்பர் ஒன்றைத் தேடித் தந்தார், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய கசெற் ஒன்றைப் போட்டேன், 1989இல் வந்தது. அம்மா புதுக் கருவியோடு பக்கத்தில் இருந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தார்.

"ஆர் இது, இப்பிடிக் கத்துறது?"

"நீங்கள்தான் அம்மா."

"கனடா தூரமெண்டு நினைச்சிருப்பன்" என்றார்.