பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் நிதிச் சரிவு (1996–2007)

2001 மே மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கால்பந்து அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதியில் ஸ்பெயினின் வலென்சியாவோடு மோதிக்கொண்டிருந்தது. 2004 மே மாதம் போல்டனில் 4–1 என்று தோற்று, பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. 2007 மே மாதம் கழகம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது; அணி மூன்றாம் நிலைப் பிரிவுக்குச் சரிந்தது. ஆறே ஆண்டுகளில் இத்தனையும் நடந்தது. ஊழல் அம்பலமாகவில்லை, மைதானம் எரியவில்லை, ரசிகர்களும் கைவிட்டுப் போகவில்லை. அப்படியானால் இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?

பொதுநினைவில் இதற்கு ஒரு விடை ஏற்கெனவே உறைந்திருக்கிறது: பீட்டர் ரிட்ஸ்டேலும் அவருடைய தங்கமீன்களும். 1997 முதல் 2003 மார்ச் வரை கழகத் தலைவராக இருந்த ரிட்ஸ்டேல் விலகியபின் பொறுப்பேற்ற பேராசிரியர் ஜான் மெக்கென்சி கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார். தலைவர் அறையில் இருந்த மீன்தொட்டிக்குக் கழகம் மாதம் 20 பவுண்டு வாடகை கொடுத்துவந்தது தெரியவந்தது. பத்திரிகைகள் விடவில்லை, இங்கிலாந்தில் லீட்ஸின் பேச்சு எடுத்தாலே இன்றும் அந்த மீன்கள்தான் முதலில் நீந்தி வருகின்றன. ஆண்டுக்கு 240 பவுண்டு. 2003 ஜூனில் முடிந்த நிதியாண்டில் கழகம் கண்ட நட்டமோ 4 கோடியே 95 லட்சம் பவுண்டு. அதுவரை எந்த ஆங்கிலக் கழகமும் காணாத நட்டம். மீன்தொட்டியைக் காட்டிப் பேசுவது எளிது, சிரிக்கவும் வசதி. ஆனால் அந்தச் சிரிப்பில் கடன் கொடுத்தவர்களும், கையெழுத்திட்ட இயக்குநர்களும், விதி வகுத்தவர்களும் தப்பித்துப்போகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதவு திறந்த கதை

ஆங்கிலக் கால்பந்துக் கழகங்கள் சட்டப்படி கம்பெனிகள்தான். ஆயினும் நெடுங்காலம் அவை லாபம் தேடும் கம்பெனிகளாக இயங்க முடியாதபடி கால்பந்துச் சங்கத்தின் 34-ஆம் விதி தடுத்துவந்தது. இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது. பங்காதாயத்துக்கு உச்சவரம்பு உண்டு. கழகம் கலைக்கப்பட்டாலும் மிஞ்சும் சொத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. 1980-களின் தொடக்கத்தில் இந்தக் கட்டு தளர்ந்தது. இயக்குநர்கள் சம்பளம் பெற அனுமதி வந்தது. 1983-இல் டாட்டன்ஹாம் கழகம், தன் தலைமேல் ஒரு தாய்க் கம்பெனியை உட்காரவைத்து, அந்தக் கம்பெனியைப் பங்குச் சந்தையில் இறக்கியது. விதி கழகத்துக்குத்தானே, தாய்க் கம்பெனிக்கு இல்லையே! சங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அதே 1983-இல், டிக்கெட் வசூலில் ஒரு பங்கை வெளியூர் அணிக்குத் தரும் பழைய வழக்கமும் முடிவுக்கு வந்தது. பெரிய மைதானம் வைத்திருப்பவர்கள் வசூல் முழுவதையும் தாங்களே வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

1992-இல் பிரீமியர் லீக் பிறந்தது. ஸ்கை தொலைக்காட்சியின் பணம் வந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கழகத்துக்குப் பைசா வாங்கித்தராமல் வெளியேறலாம் என்றாக்கியது. வந்த பணம் சம்பளமாக வெளியே ஓடியது. லீட்ஸும் இந்த வெள்ளத்தில்தான் இறங்கியது. 1996-இல் காஸ்பியன் என்ற ஊடகக் கம்பெனி கழகத்தை வாங்கியது. பிறகு அதற்கு லீட்ஸ் ஸ்போர்ட்டிங் என்று பெயர் மாறியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. மான்செஸ்டர் யுனைடெட்டை விழுங்கப் பார்த்த ஸ்கையின் முயற்சியை அரசு 1999-இல் தடுத்தபோது, ஸ்கை பல கழகங்களில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகச் சிறு சிறு பங்குகளை வாங்கிவைத்தது. லீட்ஸும் அவற்றில் ஒன்று.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ரிட்ஸ்டேல் லீட்ஸ் ரசிகராக வளர்ந்தவர் என்பதால், உணர்ச்சிவசப்பட்ட ரசிகர் ஒருவர் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்த கதையாகவே இது சொல்லப்படுகிறது. அவர் தனியாக உட்காரவில்லை. பட்டியலிட்ட கம்பெனிக்குரிய இயக்குநர் குழு அங்கே இருந்தது. ஆஸ்டா அங்காடி நிறுவனத்தை நிமிர்த்தியவர் என்று பெயரெடுத்த ஆலன் லெய்டன் துணைத் தலைவராக இருந்தார். தணிக்கையாளர்கள் இருந்தார்கள், பங்குதாரர் கூட்டங்கள் நடந்தன. லாபம் பார்க்கும் ஒழுங்கு வரும் என்று சொல்லித்தான் கழகங்களைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். லீட்ஸில் அந்த ஒழுங்கு வேலை செய்யவில்லை.

ஈடு வைத்த இருக்கைகள்

1998 அக்டோபரில் டேவிட் ஓ'லியரி மேலாளர் ஆனார். கழகத்திலேயே வளர்ந்த இளைஞர்களை வைத்துக்கொண்டு முதல் பருவத்தில் நான்காம் இடம், அடுத்ததில் மூன்றாம் இடம், யூஃபா கோப்பை அரையிறுதி. அந்த வெற்றியின் வேர் இளைஞர் பயிற்சி அமைப்பில் இருந்தது, சந்தையில் வாங்கியதில் அல்ல. மூன்றாம் இடம் சாம்பியன்ஸ் லீக் வாசலைத் திறந்துவிட, பணப்பை அவிழ்ந்தது. 60 லட்சம் பவுண்டுக்கு விடுகா, 70 லட்சத்துக்கு மேல் டகூர், 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினண்டுக்கு 1 கோடியே 80 லட்சம். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு உலகில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பிறகு 1 கோடியே 20 லட்சத்துக்கு ராபி கீன்.

இங்கே தேதிகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 2000–01 பருவ முடிவில் லிவர்பூலுக்கு 69 புள்ளி, லீட்ஸுக்கு 68. முதல் மூன்று அணிகளுக்கே அப்போது சாம்பியன்ஸ் லீக். ஒரே ஒரு புள்ளியில் லீட்ஸ் வெளியே நின்றது. ரிட்ஸ்டேலுக்காகப் பரிந்து பேசுவோர் இந்த ஒற்றைப் புள்ளியைத்தான் கையில் எடுக்கிறார்கள்: பந்து ஒரு தடவை கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்திருந்தால் கணக்கே வேறாகியிருக்கும் என்று.

ஆனால் லீட்ஸ் 25 ஆண்டுத் தவணையில் 6 கோடி பவுண்டு கடன் எழுப்பியது 2001 செப்டம்பரில். அதாவது, அந்தப் புள்ளி தவறிப்போய் நான்கு மாதம் கழித்து. சாம்பியன்ஸ் லீக் வருமானம் அந்த ஆண்டு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த வேளையில் அந்தக் கையெழுத்து விழுந்தது. அக்டோபரில் டெர்பியிலிருந்து சேத் ஜான்சன், 70 லட்சம். நவம்பரில் லிவர்பூலிலிருந்து ராபி ஃபௌலர், 1 கோடியே 10 லட்சம். முதல் செலவைச் சூதாட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது; தோற்ற ஆட்டத்தின் நட்டத்தைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் வைத்தது அது.  

கடன் எதன்மேல் எழுந்தது? எலண்ட் ரோடு மைதானத்தின் வருங்கால டிக்கெட் வசூலின் மேலும் விருந்தோம்பல் வருமானத்தின் மேலும். வயலில் நாற்று நடுவதற்கு முன்பே 25 போக விளைச்சலை மண்டிக்காரரிடம் எழுதிக்கொடுத்தது போல. 2026 வரையில் ஒவ்வொரு பருவத்தின் சீசன் டிக்கெட்டிலும் ஒரு பங்கு முதலிலேயே கடன்காரர்களுக்குப் போய்விடும். வட்டி ஏழு விழுக்காட்டுக்கு மேல். பணம் கொடுத்தவர்கள் ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் கையாளும் பெரிய நிறுவனங்கள். அவர்கள் எண்ணியது ஒன்றுதான்: அணி தோற்றாலும் ரசிகர் வருவார். ரசிகர் வந்தார் என்பதுதான் வேதனை. வசூல் அடிமட்டத்துக்குப் போய்விடவில்லை. அதைக் காட்டி வாங்கிய பணம் ஏறிக்கொண்டே போன சம்பளத்துக்குத் தீனியானதுதான் சிக்கல். போதாக்குறைக்கு, ஆட்டக்காரர்களை வாங்கும் பணத்தை வேறொரு நிதி நிறுவனம் கட்ட, கழகம் அதற்குக் குத்தகைத் தவணை கட்டும் ஏற்பாடும் இருந்தது. களத்தில் ஓடிய கால்களில் சில கழகத்துக்கு முழுச் சொந்தம் கிடையாது.

2002 புத்தாண்டு நாளில் வெஸ்ட் ஹாமை 3–0 என வென்று லீட்ஸ் பட்டியலின் உச்சியில் நின்றது. ஐந்து நாள் கழித்துக் கீழ்ப்பிரிவு அணியான கார்டிஃபிடம் எஃப்ஏ கோப்பையில் தோற்றது. அதன் பிறகு அணி எழவில்லை. 66 புள்ளியோடு ஐந்தாம் இடம். இந்த முறை நான்காம் இடத்தவருக்கும் சாம்பியன்ஸ் லீக் உண்டு. நியூகாசிலைவிட ஐந்து புள்ளி குறைவு.

விற்றுத் தீர்த்தல்

2002 ஜூனில் ஓ'லியரி வெளியேற்றப்பட்டார். ஜூலையில் ஃபெர்டினண்ட் சுமார் 3 கோடிக்கு, அதுவும் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். அந்த வியாபாரத்தில் லாபம்தான். 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கிய கீன் 70 லட்சத்துக்குப் போனார். ஃபௌலர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போன பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே கட்டியது. ஜொனத்தன் வுட்கேட்டை 2003 ஜனவரிக் கடைசியில் நியூகாசிலுக்கு விற்றபோது நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், ரிட்ஸ்டேல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதிய மேலாளர் டெர்ரி வெனபிள்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு செலவழித்திருக்கத்தான் வேண்டுமா என்றால் வேண்டாம்தான், ஆனால் கனவை வாழ்ந்து பார்த்தோம் என்ற பொருளில் ரிட்ஸ்டேல் பேசினார். அந்தக் கனவின் தவணை இன்னும் 23 ஆண்டு பாக்கி இருந்தது.

அவசரத்தில் விற்பவனிடம் யாரும் நல்ல விலை கொடுப்பதில்லை. 2002-இல் ஐடிவி டிஜிட்டல் ஒளிபரப்பு நிறுவனம் நொடித்து, கீழ்ப்பிரிவுக் கழகங்களுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனதில் சந்தையே படுத்துவிட்டது. இதை லீட்ஸ் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கடன் கணக்கில் கெட்ட ஆண்டு ஒன்றுக்குக்கூட இடம் வைக்காதது அவர்கள் குற்றம்.

2004 மார்ச்சில் திவால் வழக்குகளில் தேர்ந்த ஜெரால்ட் க்ராஸ்னரின் குழு கழகத்தை வாங்கியது. கடன் பத்திரக்காரர்கள் முதலில் பெரும் பகுதியை இழந்து தீர்த்துக்கொண்டார்கள். அடுத்து இறக்கம். அதே ஆண்டில் எலண்ட் ரோடு மைதானமும் தார்ப் ஆர்ச் பயிற்சித் திடலும் விற்கப்பட்டு, கழகம் தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. 2005 ஜனவரியில் முன்பு செல்சியை வைத்திருந்த கென் பேட்ஸ் வந்தார்.

165 பவுண்டு

2007 மே 4 அன்று கழகம் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதற்கான 10 புள்ளித் தண்டனை, ஏறக்குறைய உறுதியாகிவிட்ட இறக்கத்தோடு கரைந்துபோனது. கணக்குப் பார்த்துத் தேதி குறித்தார்கள் என்று எழுந்த பேச்சை யாரும் வியப்போடு கேட்கவில்லை. மொத்தக் கடன் சுமார் 3.5 கோடி பவுண்டு. அதில் வரித்துறைக்கு மட்டும் 60 லட்சத்துக்கு மேல். பட்டியலின் அடியில், ஆட்ட நாளில் முதலுதவி செய்ய வரும் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கு 165 பவுண்டு பாக்கி.

பேட்ஸின் தரப்பு புதிய கம்பெனி தொடங்கிக் கழகத்தைத் திரும்ப வாங்க முன்வந்தபோது, கடன்கொடுத்தோருக்கு முதலில் சொன்னது பவுண்டுக்கு ஒரு பென்னி. வெளிநாட்டில் பதிவான பெருங்கடன்காரர் ஒருவர், பேட்ஸே தொடர்ந்தால் மட்டும் தன் கடனை விட்டுக்கொடுப்பதாக நின்றார். 75 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்ட வாக்கெடுப்பில் 75.02 கிடைத்தது. வரித்துறை எதிர்த்து வழக்குக்குப் போக, கடைசியில் அந்தத் தொகை பவுண்டுக்கு 11 பென்ஸ் அளவில் நின்றது.

ஆனால் ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தரவேண்டிய பாக்கி முழுதாகத் தரப்பட்டாக வேண்டும். இதுதான் கால்பந்துக் கடன்காரர் விதி. ஒரு கழகம் இன்னொன்றுக்குத் தர வேண்டியதை ஏமாற்றினால் போட்டியே நாறிவிடும் என்பது லீகின் நியாயம். அந்த நியாயத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் விளைவு என்ன? அளவுக்கு மீறிய சம்பளம் பேசுபவருக்கும் அளவுக்கு மீறிய விலை கேட்கும் கழகத்துக்கும் இழப்பு என்ற பயமே இல்லை. இழப்பு அச்சகத்துக்கு, தச்சருக்கு, ஆம்புலன்ஸுக்கு, வரித்துறைக்கு. 2003 செப்டம்பரில் திவால் சட்டம் திருத்தப்பட்டு வரித்துறை தன் முன்னுரிமையை இழந்திருந்ததால், அதுவும் தச்சரோடு வரிசையில் நின்றது. 2012-இல் இந்த விதியை எதிர்த்து வரித்துறை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது.

அடுத்த பருவம் லீட்ஸ், திவாலிலிருந்து வெளிவந்த விதத்துக்காக லீக் விதித்த 15 புள்ளிக் கழிவோடு தொடங்கி, 76 புள்ளியில் முடித்தது. கழிவு இல்லையென்றால் 91, நேரடியாக மேலேறியிருக்கும். தண்டனையைச் சுமந்தவர்கள் ஃபெர்டினண்டை விலைபேசியவர்கள் அல்லர், டிக்கெட் வாங்கியவர்கள்.

பொறுப்பைப் பிரித்தால்

ஓ'லியரி ஆட்களைக் கேட்டார். கேட்பது மேலாளரின் தொழில். பணம் இல்லை என்று சொல்வது அவருக்கு மேலே இருந்தவர்களின் தொழில். ரிட்ஸ்டேலின் பொறுப்பு முதன்மையானது. 2001 செப்டம்பர்க் கையெழுத்துக்காக, மீன்தொட்டிக்காக அன்று. ஆனால் ஒரு பட்டியலிட்ட கம்பெனியில் 6 கோடி பவுண்டுக் கடன் தலைவர் ஒருவரின் ஆசையால் மட்டும் எழுவதில்லை. இயக்குநர் குழு முழுவதும் அதில் கூட்டாளி. அவர்களில் பலர் பெயரே இன்று நினைவில் இல்லை. கடன் பத்திரக்காரர்கள் தப்புக்கணக்குப் போட்டார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். பேட்ஸின் காலத்தில் நடந்தது வேறு குற்றம்: பாக்கியைப் பிறர் தலையில் கட்டிவிட்டு அதே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தது. அதற்கு வழி விட்டது லீகும் சட்டமும்.

2001-இல் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். விதி போகவில்லை. திவாலான கழகம் சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸாவது தர வேண்டும், தவறினால் புள்ளி கழியும் என்று கீழ்ப்பிரிவு லீக் பிற்பாடு திருத்தியது. ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் பவுண்டுக்கு 100 பென்ஸ் என்பது மட்டும் மாறவே இல்லை.