ஆதிமூலம்: தபாலில் வந்த ஓவியர்

பெரியகுளத்தில் வளர்ந்த நாங்கள் ஓவியக் கண்காட்சி எதையும் கண்டு பழகியவர்கள் அல்லர். கோயில் சுதைகளும் கடைவீதி விளம்பரப் பலகைகளுமே எங்கள் கண்களுக்குக் கிடைத்த பயிற்சி. நவீன ஓவியம் எங்களைத் தேடி வந்தது தபாலில்தான். சிற்றிதழின் அட்டையாக, கதைக்கு நடுவே ஒரு கோட்டுச் சித்திரமாக. அவ்வாறு வந்து சேர்ந்தவர்களுள் முதன்மையானவர் கே. எம். ஆதிமூலம்.

துறையூரை அடுத்த கீழக்குறிச்சியில் 1938இல் பிறந்தவர் ஆதிமூலம். சென்னைக்கு வந்த அவர், சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலில் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் பட்டயம் பெற்றார். கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலம் அது. ஐரோப்பிய நவீனத்தைக் கற்றபின், அதைக் கடந்து நம்முடைய ஓவியமாக எதை வரைவது என்பதே அங்கு எழுந்த கேள்வி. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் தம் வரிசை ஓவியங்களில் எழுத்தையே ஓவியமாக்கி அதற்கு விடை தேடினார் பணிக்கர்.

இக்கேள்வி சென்னைக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் பயின்று 1957இல் நாடு திரும்பிய சூடான் ஓவியர் இப்ராஹிம் எல் சலாஹியின் படங்களை அவருடைய ஊர் மக்களே பொருட்படுத்தவில்லை. அவர் அரபு எழுத்தின் வளைவுகளிடம் திரும்பிச் சென்றார். அங்கிருந்தே தமக்குரிய உருவங்களைக் கண்டடைந்தார். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் கலைஞர் பலருக்கு எழுத்தும் கோடும் தாய்வீடாக அமைந்தன.

ஆதிமூலத்துக்கும் கோடே தொடக்கம். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். 1921 செப்டம்பரில் மதுரையில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார்; அன்று பெரியகுளமும் மதுரை மாவட்டத்து ஊர். சட்டமிட்ட படமாக வீட்டுச் சுவர்களில் உறைந்துபோயிருந்த அந்த மனிதரை, பின்னியும் விலகியும் ஓடும் மைக்கோடுகள் மீண்டும் நடமாடச் செய்தன. அடுத்து வந்தவை அரசர் ஓவியங்கள். அணிமணிகளின் கனத்தில் சிதைந்து கரையும் அம்முகங்களில் அதிகாரத்தின் முதுமையைக் கண்டோம்.

இதழ்களின் பெயர்களையும் நூல் தலைப்புகளையும் அவர் எழுதிக் கொடுத்தார். அச்சுக்கோப்பின் ஒழுங்குக்கு அடங்காத, தூரிகையின் வேகம் தெரியும் தமிழ் எழுத்துகள் அவை. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வெளிவந்தபோது அவருடைய கோடுகள் சிற்றிதழ் வட்டத்தைத் தாண்டிப் பெருந்திரளான வாசகரிடம் சென்றன. கரிசல் மனிதர்களின் முகத்தைப் பலரும் முதலில் அறிந்தது அக்கோடுகளின் வழியாகத்தான்.

பின்னாளில் அவர் உருவத்தை விட்டு விலகி, அரூபமான எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குள் சென்றார். நிலமும் வெளியும் வண்ணப் பரப்புகளாக விரிந்த பெரிய திரைச்சீலைகள் அவை. இங்கேதான் நாம் அவரைத் தவறவிட்டோம். கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சேற முடியாத அந்த வண்ணங்கள் தபாலில் வரவில்லை. வராத காரணத்தாலேயே, ‘பழைய ஆதிமூலம் போய்விட்டார்’ என்று தேநீர்க்கடைப் பேச்சில் தீர்ப்பும் எழுதினோம். படம் என்பது கதைக்குத் துணை நிற்க வேண்டிய ஒன்று என்ற இலக்கிய வாசகரின் இறுமாப்பன்றி அது வேறென்ன?

2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தார். எழுத்தாளர்களின் ஓவியர் என்று அப்போது அவரைப் போற்றினோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தமிழ் எழுத்துக்கு அவர் ஒரு முகம் கொடுத்தார். அவருடைய வண்ணங்களின் முன் சற்று நேரம் மௌனமாக நிற்கும் பொறுமையை நாம் அவருக்குக் கொடுத்தோமில்லை. அந்தக் கடன் இன்னும் நம்மிடமே இருக்கிறது.