கோஜிரா காட்ஸில்லாவான கதை: மொழிமாற்றத்தில் இடம் மாறிய சாட்சியம்

1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான 'கோஜிரா'வும், 1956இல் அமெரிக்காவில் வெளியான 'காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!' என்னும் படமும் ஒன்றே எனப் பலரும் கருதுகின்றனர். முன்னது 96 நிமிடம் ஓடுவது; பின்னது 80 நிமிடம். எவை வெட்டப்பட்டன என்பது குறித்து நிறையவே எழுதப்பட்டுள்ளது. வெட்டப்படாமல் எஞ்சிய காட்சிகளுக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வி அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. மொழியியல் நோக்கில் அதுவே முதன்மையான கேள்வி.

படம் பிறந்த சூழலிலிருந்து தொடங்க வேண்டும். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 'காஸில் பிராவோ' என்னும் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையை நடத்தியது. எதிர்பார்த்ததைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக, 15 மெகாடன் ஆற்றலுடன் அது வெடித்தது. அருகிலிருந்த கடற்பரப்பில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த டைகோ ஃபுகுர்யூ மாரு என்னும் ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர்; வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் முன்னின்று நடத்திய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டுக்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு மக்களவையில் வலியுறுத்தியதும் இதே சோதனையைத் தொடர்ந்து, 1954 ஏப்ரல் 2 அன்றுதான்.

அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952இல் முடிவுற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அணுகுண்டின் அழிவைப் பற்றி எழுதவும் காட்டவும் ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை தடையாக இருந்தது. அந்தத் தடை அகன்ற சூழலில் டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமோயுகி தனாகா, இயக்குநர் இஷிரோ ஹொண்டா, தந்திரக் காட்சி வல்லுநர் எய்ஜி த்சுபுராயா ஆகியோர் இப்படத்தை உருவாக்கினர். போர் முடிந்து சீனாவிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர் ஹொண்டா. கடலில் ஓர் ஒளி வெடிப்பும் அதில் எரிந்து மூழ்கும் கப்பலுமாகப் படம் தொடங்கியபோது, அது எந்த நிகழ்வைச் சுட்டுகிறது என்பதை ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு காட்சிகள் தனித்து நோக்கத்தக்கவை. ஒன்றில், ரயிலில் செல்லும் இளம்பெண் கதிரியக்கம் கலந்த சூரை மீனையும் மழையையும் சொல்லி, இப்போது கோஜிராவும் சேர்ந்துகொண்டதாகச் சலித்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிர் இது என்றும் சொல்கிறாள். மற்றொன்றில், கோஜிரா பற்றிய அறிவியல் உண்மையை வெளியிட்டால் பன்னாட்டு உறவுகள் கெடும் என ஆண் உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றக் குழுவில் வாதிட, பெண் உறுப்பினர்கள் உண்மையை வெளியிட்டே ஆக வேண்டும் என முழங்குகின்றனர். சுகினாமிப் பெண்களை அறிந்த அவைக்கு அந்தக் குரல் புதிதல்ல.

படத்தின் வட அமெரிக்க உரிமையை எட்மண்ட் கோல்ட்மன் 25,000 டாலருக்கு வாங்கினார். பின்னர் ஜோசப் லெவின் முதலியோர் இணைந்தனர். டெர்ரி மோர்ஸ் இயக்கத்தில் புதிய காட்சிகள் படமாக்கப்பட்டன. ரேமண்ட் பர் நடித்த ஸ்டீவ் மார்ட்டின் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் கதைக்குள் நுழைந்தார். முதுகு காட்டி நிற்கும் மாற்று நடிகர்களைக் கொண்டு, ஜப்பானியப் பாத்திரங்களுடன் அவர் உரையாடுவதாகக் காட்டப்பட்டது. ரயில் பெண் காணாமல் போனாள். நாடாளுமன்ற வாதமும் போயிற்று.

இனி எஞ்சிய காட்சிகளுக்கு வருவோம். அமெரிக்கப் பதிப்பு முழுவதும் ஆங்கிலத்திற்கு மொழிமாற்றப்படவில்லை. பல இடங்களில் ஜப்பானிய உரையாடல் அப்படியே ஒலிக்கிறது. வசன வரிகள் இல்லை. மார்ட்டின் தமக்கு ஜப்பானிய மொழி சற்று மறந்துவிட்டதாகச் சொல்ல, உடனிருக்கும் பாதுகாப்பு அதிகாரி சுருக்கிச் சொல்கிறார். இதன் விளைவு நுட்பமானது. ஜப்பானியர் திரையில் பேசிக்கொண்டேயிருக்கின்றனர்; அவர்களது பேச்சு பொருளற்ற ஒலியாக, பின்னணி ஓசையாக மாறிவிடுகிறது. பொருள் முழுவதும் ஓர் அயலாரின் தன்மைக் கூற்று வழியாகவே வருகிறது. மூலப்படத்தில் கதைசொல்லி என எவரும் இல்லை. பாதிக்கப்பட்டோரே தமக்காகப் பேசினர். புதிய பதிப்பில் அவர்கள் படர்க்கைக்குத் தள்ளப்பட்டனர். டோக்கியோ எரியும் இரவும் மார்ட்டினின் ஒலிப்பதிவுக் கருவியில் அவர் குரலிலேயே பதிவாகிறது.

முடிவில் இந்த மாற்றம் இலக்கண வடிவிலேயே வெளிப்படுகிறது. மூலத்தில், கோஜிரா அழிந்த பின் பேராசிரியர் யமானே, அணுச் சோதனைகள் தொடர்ந்தால் உலகில் எங்கேனும் மற்றொரு கோஜிரா தோன்றக்கூடும் என்கிறார். அமெரிக்கப் பதிப்பில் அந்தக் கூற்று இல்லை. ஆபத்து நீங்கிவிட்டது, உலகம் இனி மீண்டும் வாழலாம் என்னும் பொருளில் மார்ட்டின் முடித்துவைக்கிறார். 'தொடர்ந்தால்' என்னும் நிபந்தனை எச்சத்தின் மீது நின்ற எச்சரிக்கை, 'நீங்கிவிட்டது' என்னும் இறந்தகால முற்றாயிற்று.

இதை வெறும் தணிக்கை எனச் சுருக்குவது சரியன்று. ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளே அவ்விலங்கை எழுப்பின என்னும் செய்தி அமெரிக்கப் பதிப்பிலும் உண்டு. தன் ஆயுதம் ஆட்சியாளர் கைக்குப் போகாதிருக்கத் தன்னையே மாய்த்துக்கொள்ளும் செரிசாவாவும் உண்டு. போர் முடிந்து பத்தாண்டுகளே கடந்திருந்த நிலையில் ஒரு ஜப்பானியப் படத்தைப் பெருந்திரள் அமெரிக்கரிடம் சேர்க்க, வணிகர்கள் அறிந்த வழி அதுவாக இருந்தது. அவர்கள் வெற்றியும் பெற்றனர். ஜப்பானுக்கு வெளியே கோஜிராவின் புகழ் அந்தப் பதிப்பின் மீது எழுந்ததே. 1957இல் அது ஜப்பானிலேயே திரையிடப்பட்டது. தம் துயரின் கதையை ஓர் அமெரிக்கர் சொல்லக் கேட்கும் விந்தையான நிலை ஜப்பானியப் பார்வையாளருக்கு வாய்த்தது.

மூலப்படம் 1950களில் அமெரிக்காவின் ஜப்பானியக் குடியிருப்புப் பகுதித் திரையரங்குகளில் ஓடியதுண்டு. எனினும் ஆங்கில வசன வரிகளுடன் அது அமெரிக்கப் பொது அரங்குகளுக்கு வந்தது 2004இல்தான். ரயில் பெண்ணின் ஒற்றை வாக்கியம் அப்பார்வையாளரை எட்ட ஐம்பது ஆண்டுகள் ஆயின. மொழிபெயர்ப்பு ஆய்வு சொற்களின் இழப்பைக் கணக்கிடுவதோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இவ்வரலாறு சான்று. ஒரு கொடுமையைப் பற்றிய செய்தி எல்லை கடந்து செல்லும்போது, அதைச் சொல்லும் உரிமை எவரிடமிருந்து எவருக்குக் கைமாறுகிறது என்பதும் கணக்கிடப்பட வேண்டும். நாகசாகியில் பிழைத்தவள் தன்மையில் சொல்வதும், அவளைப் பற்றி வேறொருவர் படர்க்கையில் சொல்வதும் ஒரே சாட்சியம் ஆகா.